வேர்க்காத முகம்

சித்தியிடம் அட்டை போன ஒரு துப்பறியும் நாவல் இருந்தது. கல்யாணமாகி மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவிலுள்ள ஹேடோ குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது கொண்டுவந்தது. பிள்ளையில்லாத அவள் பள்ளி விடுமுறையில் எனக்கும் தங்கைக்கும் அதை வாசித்துக் காட்டினாள். கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் ஊக்குப் போட்டிருந்தாள். கொலைகாரன் யாரென்று நாங்கள் சொன்ன பிறகுதான் கழற்றுவாளாம். ஆளுக்கொரு பெயர் சொன்னோம், இரண்டும் தப்பு. கொன்றவர் குடும்ப டாக்டர். செத்தவனுக்காகக் கண்ணீர் விட்ட மனிதரைச் சந்தேகிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

சித்தப்பாவுக்குக் கதைப் புத்தகம் ஆகாது. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை. கேம்பல் பே போனால் திரும்ப நாளாகும். வரும்போது எங்களுக்கென்று ஏதாவது கையில் இருக்கும். எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

போன வருடம் அந்த நாவல் படமாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டு டிவியில் சித்தி, சித்தப்பா, நான் மூவரும் பார்த்தோம். டாக்டராக நடித்தவர் முதல் காட்சியிலேயே வேர்த்து வழிந்தார். கை நடுங்கியது, கண் உருண்டது, யாராவது கூப்பிட்டாலே தூக்கிவாரிப் போட்டது. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று நெற்றியில் எழுதி ஒட்டாததுதான் பாக்கி. சித்தப்பாவுக்கு ஒரே குஷி. பாதிப் படத்திலேயே இவன்தான் என்று சொல்லிவிட்டார். சித்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

சாப்பிடும்போது, நல்ல கதையை இப்படி நடித்துக் கெடுத்துவிட்டானே என்று நான்தான் ஆரம்பித்தேன். சித்தப்பாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சித்தி சொன்னாள். குரல் ஏறவே இல்லை.

"அசல் குத்தவாளி அப்படி வேர்க்க மாட்டான்டா. ஏக்தம் நார்மலா, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருப்பான். கேம்பல் பேல இன்னொரு பொண்டாட்டி, புள்ளையப் பாத்துட்டு, கப்பல விட்டு எறங்கி வந்து, உனக்குப் புடிக்குமேன்னு நண்டு வாங்கியாந்தேன்னு சொல்லுவான். நானும் வருஷக்கணக்கா பாக்குறேன்ல."

சித்தப்பா கோபப்படுவார், இல்லையென்று சத்தியம் செய்வார், ஒரு பருக்கையாவது சிந்துவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் மாறவே இல்லை. சோற்றைப் பிசைந்தபடி, எப்போதும்போலப் பிரியமாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்கு இன்னும் ஒரு துண்டு மீன் வைக்கச் சொல்லவா?"

சித்தி இப்போது பெரார்கஞ்சில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். சித்தப்பா இன்றும் எனக்குப் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அந்தப் பிரியமும் நடிப்புதானா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாப்பிட்டேன் சித்தப்பா என்று சொல்லாமல் வைக்கவும் முடியவில்லை.