வீட்டு வரி திரும்பி வந்த வருஷம்

என் மனைவி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டாள். எழுபதுகளில் கல்யாணமாகி ஆரணிக்கு வந்ததும் பழகிக்கொண்டது அது. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. முன்கூடத்தைத் தறிக்குழி எடுத்துக்கொண்டது. மிச்ச இடத்தில் அடுப்பு, பாய், பிள்ளைகள். ஆண்களுக்கு ஏரிக்கரை இருந்தது, முழுப் பகலும் இருந்தது. பெண்களுக்கு விடியுமுன் கொஞ்சம் இருட்டு, விளக்கு வைத்தபின் கொஞ்சம் இருட்டு. இரண்டுக்கும் நடுவில், சித்திரை வெயிலில், குழிக்குள் காலை விட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்துத் தறியில் அவள் நெய்வாள். சொம்பு என் பக்கம் மட்டும் காலியாகும். தாகமெடுக்காத உடம்பு என்று நினைத்தேன். நினைத்தேனா? இல்லை, நினைக்கவேயில்லை.

எண்பதுகளின் பின்பாதியில், நெடுநாள் கழித்து நகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. புதிதாக வந்தவர்கள் கணக்கைத் திறந்தால் பணம் மீந்திருந்தது. அதிகாரி ஒருவரே ஊரைப் பார்த்துக்கொண்ட வருஷங்களில் வரி வந்துகொண்டே இருந்திருக்கிறது. செலவு செய்யச் சொல்ல யாரும் இல்லை. எங்கள் வார்டு கவுன்சிலர் ஓர் அமாவாசையன்று, தறி ஓடாத நாளாகப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் தெருவைக் கூட்டினார். ஏரிக்குப் போகும் வழியில், புறம்போக்கில், பெண்களுக்குக் கக்கூஸும் தண்ணீர்த்தொட்டியும் கட்டலாம். இல்லையென்றால் மீந்ததை வீட்டு வரியில் கழித்து அவரவருக்கே திருப்பித் தரலாம். எது வேண்டுமென்று மனுவாக எழுதிக் கொடுங்கள், அதையே சபையில் பேசுகிறேன் என்றார்.

கூட்டத்தில் ஆண்கள்தான். அமாவாசைக்கு வீடு கழுவிச் சமைக்கிற நாள் பெண்களுக்கு. கட்டினால் கான்ட்ராக்ட்காரன் பிழைப்பான், கொடுத்தால் நாம் பிழைப்போம் என்றான் ஒருவன். கக்கூஸுக்குத் திறப்பு விழா வைத்தால் எவன் ரிப்பன் வெட்டுவான் என்றான் இன்னொருவன். பள்ளிக்கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. தெருவில் கல்யாண வாழ்த்து, கருமாதிப் பத்திரிகை எல்லாம் என் கைதான்.

காகிதம் எடுக்க வீட்டுக்கு வந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை.

"ஏங்க, அந்தக் கக்கூஸ் பத்தி ரெண்டு வார்த்தை எழுதுங்களேன்."

"அதப் போயி எப்டி எழுதறது? அத்தினி பேர் முன்னால படிக்கணும்."

"நாங்க தெனம் அத்தினி பேருக்கு ஒளிஞ்சிகினு போறோமேங்க" என்றாள். அரிசித் தண்ணீரைக் கீழே ஊற்றினாள். 

நிலாவுக்கும் மழைக்கும் ஏரியில் இறங்கும் நாரைக்கும் என்னிடம் வார்த்தை இருந்தது. அந்த ஒன்றுக்கு வரவில்லை. கூச்சம் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். கைதட்டல் மேல் ஆசை என்று இன்றைக்குத் தெரிகிறது. "தறி மிதித்து மிதித்து எங்கள் கால் சேர்த்த காசு எங்கள் வாசலுக்கே திரும்பட்டும்" என்று எழுதினேன். படித்ததும் தட்டினார்கள். பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். மற்றத் தெருக்களும் அதையேதான் கேட்டிருக்கின்றன. சபையில் சுலபமாக நிறைவேறியது.

வரி குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு வீட்டுக்காரரிடம் போனேன். வாடகையில் கொஞ்சம் தள்ளுவார் என்ற நினைப்பு. உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"அந்த மனு நீ எழுதினதாமே. நல்லா எழுதிகீறப்பா" என்றார். "ஆனா வரி கட்டறவன் நானு. நீ குடுக்கறது வாடகை. அதுல இன்னா தள்றது?"

கெட்ட மனிதரில்லை. சொன்னதில் தப்புமில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல வாடகைக்கு இருந்தவர்கள். எங்களில் ஒருவனுக்குக்கூட அது ஏன் தோன்றவில்லை? தறிக்குழியை நாமே தோண்டுகிறோம். பத்து வருஷம் அந்தக் குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் வீடே நம்முடையதென்று கால் நம்பிவிடுகிறது. எங்கள் வாசல் என்று எழுதினேனே, அது யார் வாசல்?

மறு கோடையில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இடுப்பில் கை வைக்க முடியாத வலி. தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டரம்மா கேட்டார்.  அவள் என்னைப் பார்த்தாள். சண்டையில் பார்க்கிற பார்வையாக இருந்தால் தாங்கியிருப்பேன். என்னைக் காட்டிக்கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை அது. மறதிங்க, என்றாள் டாக்டரிடம்.

கவுன்சிலரைப் போய்ப் பார்த்தேன். இந்த முறை அந்த வார்த்தையை வாய்விட்டே சொன்னேன். மீந்தால் பார்க்கலாம் என்றார். மறுபடி மீந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது சொந்த வீடு, சின்னதுதான். கக்கூஸ் உள்ளேயே, பத்தடியில். மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவள் தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். நான் எடுத்து நிமிர்த்தி, நிரப்பி, பக்கத்தில் வைக்கிறேன். ஒரு வாய் குடிக்கிறாள், எனக்காக. மிச்சத்தைத் துளசிக்கு ஊற்றிவிடுகிறாள்.