தரகருக்குக் குரல் வாங்கப் போனோம்

அன்னவாசலில் பஸ் ஏறும்போது மணி எட்டே முக்கால். புதன்கிழமை. டவுன் பஸ் என்பதால் எனக்கு டிக்கெட் காசு கிடையாது. என் அண்ணன் சின்னையாவுக்குப் பதினைந்து ரூபாய். புதுக்கோட்டைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். தையல்காரி நான், நூல் தீர்ந்தாலும் லைனிங் துணி தீர்ந்தாலும் அங்கேதான் போயாக வேண்டும். எத்தனையோ தடவை போய் வந்த ரோடு. ஆனால் ஒரு மனுஷனுக்குக் குரல் வாங்கப் போனது இதுதான் முதல் தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

கண்டக்டர் அண்ணனைத் தெரிந்தவர். "என்ன தரகரே, பேசுற பலகைய எங்க காணோம்?" என்றார்.

அண்ணன் மேற்கே கையை நீட்டினார். பிறகு ஆடு மாதிரித் தலையை ஆட்டிக் காட்டினார். கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

"கேரளாவுக்குப் போயிருச்சுங்க. ஆட்டு வண்டியில" என்றேன்.

"ஆளு இங்கிட்டு, வாயி அங்கிட்டா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு இந்த மாதிரிப் பேச்சு என்றால் உயிர். சித்தன்னவாசல் பிரிவு வரும்வரை அதையே அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

விஷயம் இதுதான். அண்ணன் ஆட்டுத் தரகர். முன்பெல்லாம் சந்தையில் அவர் கனைத்தால் ஆடே திரும்பிப் பார்க்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அதிலிருந்து கையகலக் கம்ப்யூட்டர் ஒன்றை, டேப் என்கிறார்களே, அதைத்தான் வைத்துக்கொண்டு பேசினார். எழுதினால் அது வாசிக்கும். போன வெள்ளிக்கிழமை சந்தையில் கேரள வியாபாரியோடு விலை முடிக்கும்போது அதை வண்டி ஓரத்தில், ஆட்டுக்குப் போட்டிருந்த தழைமேல் வைத்திருக்கிறார். விலை முடிந்தது, ஆடு ஏறியது, வண்டி கிளம்பிவிட்டது. பாலக்காட்டுக்குப் போன் போட்டுக் கேட்டோம். தழையை உதறிப் பார்த்தாயிற்று, இல்லை என்றார் வியாபாரி.

சாதாரண நாளாக இருந்தால் அண்ணன் ஒரு மாசம் கையைக் காட்டியே ஓட்டிவிடுவார். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் கார்த்திகாவுக்கு நிச்சயம். எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர், கூடியிருக்கிறவர்கள் காதில் விழும்படி, "எங்க பொண்ணு இனி ஒங்க பொண்ணு" என்று சொல்ல வேண்டும். பையனைப் பெற்றவர், "எங்க பையன் இனி ஒங்க பையன்" என்பார். அப்புறம்தான் தட்டு கை மாறும். மதினியின் தம்பி, "தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன், நான் சொல்லிர்றேன் மச்சான்" என்றார். அண்ணன் காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு வார்த்தை எழுதிக் காட்டினார்: "பெத்தது நான்."

பேச்சு அதோடு முடிந்தது.

ஒன்பதே முக்காலுக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். கீழ ராஜ வீதிக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். "இந்தத் தூரத்துக்கு அம்பதாங்க?" என்றேன். டிரைவர், "தூரத்துக்கு முப்பதுதாங்க, மிச்சம் இந்த வெயிலுக்கு" என்றார். கொடுத்துவிட்டேன். சொன்ன அழகுக்கே கொடுக்கலாம்.

முதலில் பெரிய கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. சட்டையை இன் பண்ணிய தம்பி ஒருவர் ஒரு டேப்பை எடுத்து வைத்து, கேமரா எப்படி, கேம் எப்படி என்று ஆரம்பித்தார். விலை பதினாலாயிரத்து ஐந்நூறு.

"கேமராவெல்லாம் வேணாம் தம்பி. இது பேசணும்" என்றேன்.

அவர் ஏதோ தட்டி, "வணக்கம், நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்று ஒரு பெண் குரலில் பேச வைத்தார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆயுசுக்கும் தங்கச்சி பேச்சைக் கேட்டது போதாதா, வெளியூர்ப் பொம்பளை பேச்சையும் கேட்கணுமா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"லேடீஸ் வாய்ஸ்தான் சார் கிளியரா இருக்கும்" என்றார் தம்பி.

"பொண்ணக் குடுக்கிறவரு இவரு தம்பி. பொம்பள குரல்ல சொன்னா சம்பந்தி வீட்டுக்காரவுக யாரத் திரும்பிப் பாப்பாக?" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஆண் குரலை வைத்தார். குரல் பரவாயில்லை. ஆனால் அண்ணன் டேப்பைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போனார். வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தது. டேப் பேசியது காதிலேயே விழவில்லை. திரும்பி வந்து அதைப் பதவிசாக மேஜையில் வைத்து ஒரு கும்பிடு போட்டார். தம்பி சளைக்காமல் ஒரு போனைக் காட்டினார், ஒன்பதாயிரம். ஆட்டுக்கயிறு பிடித்துக் காய்ப்பேறிய விரல் அண்ணனுக்கு. ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழுந்தது.

பதினொன்றரை மணிக்குப் பக்கத்துச் சந்தில் மாடியில் இருந்த சின்னக் கடைக்குப் போனோம். பழசை வாங்கிச் சரிசெய்து விற்கிற கடை. பர்வீன் என்ற பெண் நடத்துகிறார். நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். கேமராவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"அண்ணன் எங்க வச்சுப் பேசுவாருக்கா? வீட்டுக்குள்ளயா, வெளியிலயா?"

"சந்தையில."

மேஜைமேல் பரப்பியதில் பாதியை அப்படியே ஒதுக்கித் தள்ளிவிட்டார். மிச்சத்தில் ஒன்றை எடுத்தார். எட்டங்குலத் திரை, இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி, சுற்றிக் கெட்டி ரப்பர் உறை. ஓரத்தில் ஒரு கீறல். "இது ஒரு ஸ்கூல் வேன்ல பாட்டுப் போட வச்சிருந்தது. சத்தத்துக்குப் பொறந்தது" என்றார். விலை எட்டாயிரம்.

அண்ணன் அதை மாடிப்படிக்கு எடுத்துப் போய், நிதானமாக ஏதோ எழுதி அமுக்கினார். "டீ மூணு. ஒண்ணுல சக்கரை கம்மி" என்று சந்து முழுக்கக் கேட்டது. கீழே டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் டீ மேலே வந்தது. வந்தவர், "யாருங்க கேட்டது? ரேடியோவுல ஆர்டர் வந்த மாதிரி இருந்துச்சு" என்றார். அண்ணன் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

டேப் பிடித்துவிட்டது. இனி விலை. அங்கேதான் சிக்கல். அண்ணன் பழக்கதோஷத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேஜைமேல் விரித்து, அதற்குள் கையை நுழைத்துக்கொண்டு பர்வீனைப் பார்த்தார்.

சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்குள் கையைப் பிடித்து, விரலை அழுத்தியே பேரம் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது. குரல் போன பிறகும் அண்ணனுக்குத் தொழில் போகாததற்குக் காரணமே அந்தத் துண்டுதான்.

பர்வீன் துண்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஓர் அந்நிய ஆணின் கையை எப்படிப் பிடிப்பது? நான் விளக்கிச் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அப்ப நடுவுல நீங்க வாங்கக்கா. அவரு ஒங்க கையப் பிடிக்கட்டும், நீங்க என் கையப் பிடிங்க. என் பிறந்தவீட்டுலயும் ஆடு வளக்குறாக, ஆனா இந்த வேலைய என்னைய யாரும் செய்ய விட்டதில்ல."

ஆக, அன்றைக்கு முதன்முதலாக நானும் துண்டுக்குள் கையை விட்டேன். அண்ணன் என் ஐந்து விரலையும் சேர்த்து ஓர் அழுத்து, அப்புறம் இரண்டு விரலைத் தனியாக ஓர் அழுத்து.

"ஏழாயிரமா? எட்டாயிரம் சொன்னத ஏழாயிரத்துக்கு எப்படிண்ணே கேக்குறது?" என்றேன், வாய்விட்டு.

அண்ணன் மற்றொரு கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். டீ கிளாஸ் எடுக்க நின்றவர்வரைக்கும் எல்லாருக்கும் விலை தெரிந்துபோனது. பர்வீன் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். "அக்காவ நம்பி ஒரு குட்டியக்கூட விக்க முடியாது போல" என்றவர், ஏழாயிரத்து இருநூறு என்று தானே முடித்துவிட்டார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு பர்வீன் அதில் இன்னும் தெளிவான குரல் ஒன்றை ஏற்றினார். ஆண் குரல்தான், ஆனால் அதில் "எங்க பொண்ணு இனி ஒங்க பொண்ணு" என்பது மழை அறிவிப்பு மாதிரி வந்தது. "பழைய வாய்ஸ் மெசேஜ் ஏதாச்சும் இருக்காக்கா? அவரு குரல்லயே ஒரு பட்டன் வச்சிரலாம்" என்றார் பர்வீன்.

என் போனில் ஒன்றே ஒன்று இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின வருஷத்தது. போட்டேன். "பட்டியத் தொறந்து போட்டுட்டு எங்கடி போய்த் தொலஞ்ச? கடலைக் கொல்லையெல்லாம் ஆடு மேயுது. வந்தேன்னு வையி..." அதற்குமேல் உள்ளதை எழுத முடியாது.

முதலில் அண்ணனுக்குத்தான் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா வேறெதுவுமா என்று குனிந்து பார்த்தேன். சிரிப்புதான். "இத வச்சுப் பொண்ணக் குடுத்தா, சம்பந்தி எழுந்து ஓடிருவாருண்ணே" என்றேன். அவர் டேப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடுத்து அவர் செய்ததை நானோ பர்வீனோ யோசித்திருக்கவில்லை. தட்டு மாற்றும்போது சொல்கிற அந்த வார்த்தையை மாற்றவில்லை, இடையிடையே புள்ளி வைத்தார். ஒரு புள்ளிக்கு ஒரு மூச்சு நிறுத்துகிறது அந்த யந்திரம். ஒன்று வைத்துப் பார்த்தார், இரண்டு வைத்துப் பார்த்தார், இடம் மாற்றினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தலையசைத்தார், அழித்தார். சந்தையில் கடைசி விலையைச் சொல்வதற்கு முன்னால் அவர் இப்படித்தான் நிறுத்துவார், எதிராளி நிமிர்ந்து பார்க்கும்வரை. ஒரு மணி ஆகியும் முடியவில்லை. பர்வீன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எங்களுக்கும் எலுமிச்சைச் சாதம் வைத்தார்.

மூன்றரைக்குத் திரும்பும் பஸ். ஜன்னல் ஓரம் நான். முன் சீட்டில் ஒரு பெரியவர் கடலைச் சாக்கைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மடியில் டேப்பை வைத்துக் கடைசியாக ஒரு புள்ளியைச் சேர்த்து, சத்தத்தைக் குறைத்து அமுக்கினார்.

"எங்க பொண்ணு... இனி... ஒங்க பொண்ணு."

முன் சீட்டுப் பெரியவர் கண்ணைத் திறக்காமலே, "சந்தோசங்க. எங்க பையன் இனி ஒங்க பையன்" என்றார்.

சொன்ன பிறகுதான் முழித்துக்கொண்டார். பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், திரும்பி எங்களைப் பார்த்தார். "யாரு வீட்டு நிச்சயங்க?" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஐந்து நாளாக அவருக்கு வருகிற கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு விரலைத் தூக்கினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் எழுதி முடிக்க நேரமாயிற்று. பெரியவர் அவசரப்படவில்லை.

"நம்ம வீட்டுல. ஞாயித்துக்கெழமை. அன்னவாசல். வந்துருங்க."

பெரியவர் டேப்பைப் பார்த்தார். ஆபரேஷன் செய்த இடத்தை மறைத்து அண்ணன் கழுத்தில் கட்டியிருந்த துணியையும் பார்த்தார். அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்து, என்னை அல்ல, அவரைப் பார்த்துக் கேட்டார்: "காலையிலயா, சாயந்தரமாங்க?"

அண்ணன் மறுபடி எழுதத் தொடங்கினார். போகும்போது பதினெட்டு கிலோமீட்டரும் நானே பேசிக்கொண்டு போன ரோடு இது. சித்தன்னவாசல் பிரிவு தாண்டியும் எனக்குப் பேச்சில் இடம் கிடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.