பிறந்த நாள் போகும், அஞ்சலி நிற்கும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் செத்துப் போனவர்களைச் சிரிக்க வைப்பது தேவகிருபையின் வேலை. பிளக்ஸ் கடையில் டிசைனர். ஆதார் அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் முகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். உதட்டோரத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, தோளில் துண்டு போட்டு, பின்னால் மேகம் வைத்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் சிரித்துப் பார்க்காத பெண்கள் அந்த பிளக்ஸைப் பார்த்துத்தான் நிஜமாக அழுதார்கள்.

சொந்த ஊர் தேவதானம். கணவர் ரோஷன் திருப்பூரில் இருக்கிறார். ஏன் அங்கேயே இருக்கிறார் என்பதற்கு ஊரில் பல கதைகள் உண்டு. எல்லாம் எனக்குத் தெரியும், இங்கே தேவையில்லை. தேவையானது இதுதான்: கடைச் சம்பளம் வருவதால் அவள் மகள் வின்சியோடு இங்கே தனியாக வாடகைக்கு இருக்கிறாள். சம்பளம் நின்றால் தேவதானத்தில் மாமியார் வீடு. அந்த அம்மாள் தங்கமானவர் என்று சர்ச்சில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் ஒருவரும் அவரோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை.

முதலாளி சின்னத்துரை அண்ணாச்சி. முன்பு தளவாய்புரத்தில், கிணற்று மோட்டாரில் கருகிப்போன செப்புக் கம்பிக் காயிலை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தவர். இங்கே கீழ்த்தளத்தில் பிரிண்டிங் மெஷினை அவரே ஓட்டுவார். தேவகிருபை மாடியில் லேப்டாப்பில் டிசைன் போட்டு, வைஃபை வழியாகக் கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்புவாள். பென்டிரைவுக்குத் தடை. ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் ஒருவர் கொண்டுவந்த பென்டிரைவில் வைரஸ் இருந்து, கடையே படுத்துவிட்டது. அவள் லேப்டாப்பும் சேர்ந்து படுத்தது. அதற்குப் பிறகுதான் அதில் விண்டோஸை எடுத்துவிட்டு, வைரஸ் அவ்வளவாக அண்டாத லினக்ஸைப் போட்டாள்.

ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் புது வைஃபை பெட்டியை அண்ணாச்சியின் நாற்காலிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனதிலிருந்து ஒரு கோளாறு. பிறந்த நாள் பிளக்ஸ் போகும். காதுகுத்து போகும். கண்ணீர் அஞ்சலி மட்டும் பாதி வழியில் நிற்கும். திரையிலிருந்து வைஃபையின் பெயரே காணாமல் போய்விடும். செத்த நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வரும். ஃபைலை முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

“சாவு ஃபைலும்மா. அதான் போகமாட்டேங்கு” என்றார் அண்ணாச்சி.

அவர் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருந்தது. பிறந்த நாளுக்கு ஒரு குழந்தை, ஒரு தாய்மாமன், முடிந்தது. அஞ்சலிக்கு மகன்கள், மருமகன்கள், பேரன்கள், பேரனின் நண்பர்கள் என்று அத்தனை முகமும் வரவேண்டும். ஃபைல் கனத்துவிடும்.

தேவகிருபை இணையத்தில் தேடினாள். சார்ஜை மிச்சம் பிடிக்க லேப்டாப் வைஃபையைத் தூங்க வைத்துவிடும் என்று போட்டிருந்தார்கள். அது தூங்காமல் இருக்க, கருப்புத் திரையைத் திறந்து கட்டளை அடித்தாள்.

மாடிக்கு வந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “யாருக்கும்மா லெட்டர் எழுதுத?”

“வைஃபைக்கு அண்ணாச்சி. தூங்காதன்னு சொல்லுதேன்.”

“பதில் போடுதா?”

“ஒண்ணும் சொல்லல.”

“எங்க வீட்டுலயும் அப்படித்தான்” என்று இறங்கிப் போனார்.

கட்டளைக்குப் பிறகும் அஞ்சலி நின்றது. இரும்பு பீரோ சிக்னலை மறைக்கிறதோ என்று மேசையைத் தள்ளிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்திலும் சேர்த்துப் பார்த்தாள். நின்றது. கடைசியில் அண்ணாச்சி முடிவாகச் சொல்லிவிட்டார்.

“இன்னொரு அஞ்சலி நின்னுச்சுன்னா டிசைனை ராஜபாளையத்துல குடுத்துருவேன். நீயும் ஊருக்குப் போயி மாமியாருக்கு ஒத்தாசையா இரும்மா.”

அந்த வாரமே மம்சாபுரத்திலிருந்து மாரிசெல்வம் வந்தார். அவருடைய அப்பா காலமாகியிருந்தார். அவர் முகத்தில் துக்கத்தைவிட ஆத்திரம் கூடுதலாக இருந்தது.

“ராஜபாளையத்து மச்சான் முந்திக்கிட்டான்க்கா. தெருமுக்குல பெருசா ஒண்ணைக் கட்டிட்டான். அதுல எங்கய்யா மூஞ்சி தீப்பெட்டி கணக்கா இருக்கு. அவன் மூஞ்சி தாம்பாளம் கணக்கா இருக்கு. வாரவுக எல்லாம் செத்தது அவந்தான்னு நெனைக்காக.”

“நெசமாவா?”

“ஒரு ஆச்சி அதுக்கு மாலையே போட்டுட்டாக்கா. எங்கய்யாவ எடுக்கதுக்குள்ள அவருக்குப் பெருசா ஒண்ணு வேணும்.”

தேவகிருபை டிசைன் போட்டாள். மச்சானைத் தவிர குடும்பமே அதில் இருந்தது. அனுப்பினாள். பாதியில் நின்றது. மறுபடி அனுப்பினாள். மறுபடி நின்றது.

கீழே அண்ணாச்சி மாரிசெல்வத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது மாடிவரை கேட்டது. “நான் என்னய்யா செய்ய? அந்தப் பிள்ளைகிட்ட லினக்ஸு இருக்கு.”

“ஐயோ! ஆஸ்பத்திரில காட்டலியா?”

தேவகிருபைக்கு வின்சியின் பள்ளிக்கூடம் கண்ணுக்குள் வந்தது. அதன் பின்னாலேயே மாமியாரும் வந்தார். சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். வைஃபை பெட்டிக்குக் கீழேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தூரம்தான் காரணமென்றால் அதையும் பார்த்துவிடலாம் என்று மூன்றாவது தடவை அனுப்பினாள்.

பெட்டியின் பச்சை விளக்கு படபடவென்று சிமிட்ட ஆரம்பித்தது. ஃபைல் பாதியை நெருங்கியது. அண்ணாச்சி எழுந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோலப் புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். “அடப்பாவமே” என்றார். அவர் விரல் சுவிட்சுக்குப் போனது.

தேவகிருபை முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“என்ன அண்ணாச்சி செய்யுதிய?”

“கொதிக்குல்லா. செத்த நேரம் ஆறட்டும்.”

“எப்பவும் இப்படித்தான் அணைப்பியளா?”

“பொறவு? அது கெடந்து கண்ணைச் சிமிட்டித் திணறுது, நான் பாத்துக்கிட்டா இருப்பேன்? காயில் கருகுனா யாரு கட்டுவா?”

மாடியில் ஒருத்தி அதைத் தூங்காதே என்று கெஞ்சிக்கொண்டிருக்க, கீழே ஒருவர் பாவம் பார்த்துத் தூங்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறந்த நாள் ஃபைல்கள் சின்னவை, பெட்டி சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

அவளுக்கு வாய் வரைக்கும் நிறைய வந்தது. கஸ்டமர் நின்றார். சம்பளம் கொடுக்கிறவரும் நின்றார். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, “காத்து குடுத்தாப் போதும் அண்ணாச்சி, அணைக்க வேண்டாம்” என்றாள்.

மின்விசிறி மெஷின் பக்கம் இருந்தது. அதைக் கழற்றக் கூடாது, மை காயாது என்றார் அண்ணாச்சி. கிடந்த ஒரு அட்டையை எடுத்து மாரிசெல்வத்தின் கையில் கொடுத்தாள். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன், வைஃபை பெட்டிக்கு விசிறினார்.

“இன்னும் வேகமா விசுறணுமாக்கா?”

“மெதுவா போதும். கை ஓஞ்சுரும்.”

ஃபைல் போய்ச் சேர்ந்தது. மை வாடை அடங்குவதற்குள் சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார் மாரிசெல்வம். அப்பா முகம் கதவு அகலத்துக்குச் சிரித்தது என்றும், மச்சான் சாப்பிடாமலே ஊருக்குப் போய்விட்டார் என்றும் கேள்வி.

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். “பாத்தியா, காத்து இல்லாமத்தான் கெடந்துருக்கு. நீ என்னடான்னா அந்த லினக்ஸு மேல பழியப் போட்டுட்ட.”

தேவகிருபை லேப்டாப்பை மூடினாள். “அப்ப ராஜபாளையம்?”

“இங்கதான் போகுதே. அங்க எதுக்கு?”

மறுநாளே அவள் தன் மேசையைக் கீழே இறக்கி, சுவிட்சுக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். அஞ்சலி ஃபைல் அனுப்பும்போது மட்டும் அண்ணாச்சியை டீ குடிக்க அனுப்பிவிடுகிறாள். அவர் டீக்கடைக்கு வரும் எங்களோடு தெருவில் நின்று, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார். “ஃபைலு போயிட்டு அண்ணாச்சி” என்று அவள் குரல் கொடுத்த பிறகுதான் டீ தொண்டையில் இறங்கும்.