சுண்ணாம்புக் கல் என்று சொன்னவன்

கர்நாடகத்து மூடுபிதிரியின் ஜைனர் தெருவில் மருதேவியின் ஆசாரத்தை அறியாதவர் கிடையாது. கிணற்றுத் தண்ணீரை மடித்த துணியில் வடிகட்டுவாள். துணியில் தங்கிய உயிர்களை அலசிக் கிணற்றுக்கே திருப்பி விடுவாள். பொழுது சாய்ந்தபின் வாயில் ஒன்றும் படாது. பசதியில், அதாவது ஜைனக் கோயிலில், பிள்ளைகளுக்கு அவள்தான் பாடம் சொல்வாள்: மரத்துக்கு ஒரு புலன், சிப்பிக்கும் புழுவுக்கும் இரண்டு, எறும்புக்கு மூன்று.

வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, எலும்பு வலுவிழந்திருக்கிறது, ஏதாவது ஒரு கால்சியம் மாத்திரை சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். எதை என்று அவர் சொல்லவில்லை. மருதேவி தரணேந்திரனின் மருந்துக் கடைக்குப் போனாள். அவனும் ஜைனன், தெரிந்த ஆள். அவள் கணவர் இருந்தவரை பசதியில் அவரோடு நின்று அபிஷேகம் செய்தவன்.

"தரணேந்திரா, இதை எதுலேர்ந்து செய்றாங்க? எலும்பு கிலும்பு அரைச்சுப் போடுறாங்களாமே?"

"உங்களுக்குப் போய் அப்படிக் குடுப்பேனாக்கா? சுண்ணாம்புக் கல்லு. மலையில வெட்டி எடுக்குறது."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. தினமும் பூஜை முடித்துப் பாலோடு விழுங்கினாள். வலி குறைந்தது. முழங்கால் வலியென்று புலம்பிய தோழி வஜ்ரம்மாவையும், வெறும் கல்லுதான் என்று சொல்லி அங்கேயே அனுப்பினாள்.

அடுத்த மழைக்காலத்தில் வஜ்ரம்மா மாத்திரை அட்டையும் கையுமாக வந்தாள்.

"உன் பேச்சைக் கேட்டேன் பாரு! பின்னால இருக்கிற பொடி எழுத்தை மருமக படிச்சா. சிப்பி ஓடாம்."

"அவளுக்கு இங்கிலீஷ் ஒழுங்கா வருமாடி?"

"என்னைத் திட்டுறதே இங்கிலீஷ்லதான். உனக்கு நம்பிக்கை இல்லன்னா வேற யாரையாவது படிக்கச் சொல்லு."

மருதேவி அட்டையோடு நேரே கடைக்குப் போனாள். தரணேந்திரன் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

"அன்னைக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சுக்கா. உள்ளதைச் சொன்னா நீங்க தொட்டிருக்க மாட்டீங்க. கை எலும்பு கூடணுமேன்னுதான்..."

"அன்னைக்குச் சரி. அடுத்த மாசம்?"

"மாத்திக் குடுத்தா ஏன்னு கேப்பீங்களே."

"நான் தின்னது கிடக்கட்டும். வஜ்ரம்மாகிட்ட என் வாயாலயே பொய் சொல்ல வச்சிட்டியே!"

அவன் வேறொரு பெட்டியை எடுத்து வைத்தான். "இது நிஜமாவே கல்லுக்கா."

அன்று சொன்ன அதே குரல், அதே முகம். அவள் பெட்டியைத் தொடாமல் திரும்பினாள். பிறகு கேழ்வரகும் எள்ளுமாகச் சாப்பிட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு மறுபடி வலித்தது. வேறு கடைக்குப் போகலாம்தான். அங்கே சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?

புரட்டாசியில் பத்து நாள் நோன்பு முடிந்து, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள் வந்தது. பசதி முற்றத்தில் எல்லோரும் கைகூப்பியபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். தரணேந்திரனும் அவள் முன்னால் வந்து நின்றான்.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்கணும்க்கா."

"தெரியாம செஞ்சதைப் பொறுத்துட்டேன். தெரிஞ்சு செஞ்சது எதுன்னு சொல்லு."

அவன் சிரிக்கப் பார்த்தான். "பின்னால எல்லாரும் நிக்கிறாங்கக்கா."

"நிக்கட்டும். அவங்களும் உன் கடையிலதானே வாங்குறாங்க? கேக்குற மாதிரியே சொல்லு."

கூப்பிய கையை இறக்காமலே அவன் அடுத்தவரிடம் நகர்ந்தான். அதே வார்த்தைகளை அவரிடம் சொன்னான். அவரும் பொறுத்தேன் என்றார். மருதேவி தன் கைகளைப் பிரித்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகி நின்றாள்.