நான் கற்பூரம் காட்டிய பலகை

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கச் சந்தில் எனக்கு ஓர் இட்லிக் கடை. இரண்டு பெஞ்சு, ஒரு தோசைக்கல், ஓர் இட்லிக் குண்டான். வீட்டுக்காரர் போன பிறகு நானாக வைத்த கடை. பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவள் இல்லை நான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் என் இட்லியை ஒருத்தரும் தட்டில் மிச்சம் வைத்துப் போனதில்லை.

கடை நடத்துவதைவிட, கடை நடத்தலாம் என்று காகிதம் வாங்குவதுதான் பெரும்பாடு. சாப்பாட்டுக்கு ஒரு லைசென்ஸ், தொழிலுக்கு ஒரு லைசென்ஸ், குப்பைக்குத் தனி, கரண்டி பிடிக்கிற கைக்கு ஊசி போட்ட சர்டிபிகேட். வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பாண்டி பஜாரில் நாலு மாடி ஓட்டல் வைத்திருக்கிறவருக்கும் எனக்கும் ஒரே சட்டத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவருக்கு அலைய ஆள் இருக்கிறது. நாங்கள் ஆபீசுக்குப் போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

போன வருஷம் ஒரு காலை, மாநகராட்சி ஆபீசர் ஒருவர் வந்தார். வடை சாப்பிட்டு, காசை வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்தார்.

"பாட்டிம்மா, போர்டுல தமிழ்தான் மொதல்ல, பெருசா இருக்கணும். உங்க போர்டுல ஒரு எழுத்துகூட இல்லையே. மாத்திடுங்க, இல்லன்னா அபராதம்."

"இதுக்கும் சட்டமா? வடை சட்டப்படி இருந்துச்சா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே மாசக் கடைசிவரை தவணை கொடுத்துப் போனார்.

என்னோடு கடையில் நிற்பவள் என் மருமகள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "போதும் அத்தை. ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு வருது. மூடிடலாம். தி.நகர் ஜவுளிக் கடையில ஆள் எடுக்குறாங்க, நான் போறேன்."

அவள் போய்விட்டால் கடை இல்லை. என் முட்டிக்கு அது தெரியும். "போர்டை மாத்திட்டுப் பேசலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பலகை, கடை வைத்த புதிதில் ஒரு கலர் சோடா கம்பெனிக்காரன் இலவசமாக மாட்டிக் கொடுத்தது. ஓரத்தில் பாட்டில் படம், நடுவில் பெரிதாக இங்கிலீஷ். வெள்ளி தவறாமல் கற்பூரம் காட்டுவேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், மாலை.

வடபழனியிலிருந்து வந்த பெயிண்டர் ஏணியில் ஏறிப் பார்த்தான். "இன்னா ஆயா, கலர் பாட்டிலுக்கா பொட்டு வெச்சிக்கினு கீற?"

"டேய், அது என் கடைப் பேருடா."

"கலர் பேருதான் கீது. உன் பேரு மூலையில எங்கனா இருந்திருக்கும், வெயில்ல பூட்ச்சு."

மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தெரிஞ்சுதான் கும்புடுறீங்கன்னு நெனச்சேன் அத்தை. அந்தக் கலரை நாம விக்கிறதுகூட இல்ல."

"இத்தினி வருஷம் என் கற்பூரத்தை வாங்கிக்கிட்டான், ஒரு பாட்டில் குடுத்தானா பாரு!"

மூன்று பேரும் சிரித்தோம். கடையை மூடலாம் என்று சொன்ன நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

புதுப் பலகையில் என்ன எழுத என்று பெயிண்டர் கேட்டான். "இட்லிக் கடை" என்றேன்.

"எந்த இட்லிக் கடை?"

"இந்தச் சந்துல வேற எது கீது?"

மஞ்சளில் சிவப்பு எழுத்து. மாட்டியதும் எதிர்வாடையில் போய் நின்று, எழுத்து எழுத்தாகக் கூட்டி முழுதும் படித்தேன். என் கடைப் பெயரை நானே படித்தது அதுதான் முதல் தடவை. செலவு செலவுதான், அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இருந்தாலும் இந்த ஒரு சட்டத்தை மட்டும் எனக்குத் திட்ட வரவில்லை.

பெயிண்டர் டப்பாவை மூடப் போனான். மருமகள் ஏணியடிக்குப் போனாள்.

"அண்ணே, கீழ எடம் இருக்கில்ல? மாலையில் அடையும் உண்டுன்னு எழுதுங்க."

"யாரு சுடப் போறது?" என்று எதிர்வாடையிலிருந்தே கேட்டேன்.

"நான்தான். உங்களுக்கு அடை வராது அத்தை."

எனக்கு அடை நன்றாகவே வரும். அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.