வியாழக்கிழமை, இருபத்திரண்டு நிமிடம்

என் அக்கா வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டார் அறைக்குள், கிரீஸ் வாசனையோடு வேலை. மனிதர் யாரையும் நம்பமாட்டார். லிப்ட் நன்றாக ஓடுகிறது என்று காவலாளி சொன்னாலும் நம்பமாட்டார், ஓடவில்லை என்று சொன்னாலும் நம்பமாட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரின் பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பேரிங் தேயத் தொடங்கினால் மெல்லிய கீச்சொலி வருமாம். அடுத்தவர் காதில் விழுவதற்கு ஒரு மாதம் முன்பே மாமா காதில் விழுந்துவிடும். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயரே 'காது'தான்.

அப்படிப்பட்டவர் கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் என்ன ஆகும்? கேமரா மேல் கறுப்பு டேப். லொகேஷன் எப்போதும் அணைந்தே இருக்கும். எந்தச் செயலி எதற்கு அனுமதி கேட்டாலும் 'வேண்டாம்'. புதிய அப்டேட் வந்திருக்கிறது என்று போன் இரண்டு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. மாமாவும் சளைக்காமல் 'பிறகு' என்பதையே அழுத்திக்கொண்டிருந்தார்.

"சும்மா எவனாவது தருவானா? உள்ள வந்து உட்கார வழி கேக்குறான்" என்பார்.

கடைசியில் அந்த அப்டேட்டை அழுத்தியது நான்தான். இப்போதே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பழைய வெர்ஷனில் வீடியோ கால் வேலை செய்யவில்லை, விடுதியில் படிக்கும் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அக்கா புலம்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா குளிக்கப் போனார். போனின் பூட்டு எண் அக்கா பிறந்த வருடம். உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாத எண் என்று அவருக்கு நினைப்பு. நான் 'இப்போதே' என்பதை அழுத்திவிட்டு, நல்ல பிள்ளையாகப் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

தலை துவட்டிக்கொண்டு வந்தவர் போனைப் பார்த்ததும் அப்படியே நின்றார். ஐகான்கள் இடம் மாறி, எழுத்தெல்லாம் பெரிதாகி, வேறு யாருடைய போனோ என்று தோன்றும்படி இருந்தது.

"யாரு கை வச்சது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அக்கா.

"சில நேரம் தானாவே ஆயிடும் மாமா" என்றேன் நான்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கே போனின் மைக் துளை மேலும் டேப் ஒட்டிவிட்டார். அதற்கப்புறம் அவர் கூப்பிட்டால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும். ஆனால் அப்டேட் லொகேஷனை மறுபடி போட்டுவிட்டதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

ஒரு மாதம் போனது. வியாழக்கிழமை மதியம் மாமா கை கழுவப் போன நேரத்தில், மேஜைமேல் இருந்த போன் தானாக விழித்துக்கொண்டது. 'ஏழாம் குறுக்குத் தெரு: இருபத்திரண்டு நிமிடம். வியாழக்கிழமைகளில் நீங்கள் வழக்கமாகச் செல்லும் இடம்.' அக்கா படித்துவிட்டாள். எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, லிப்ட் ஒன்று நின்றுபோய்விட்டது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார் மாமா.

அடுத்த நிமிடம் எனக்குப் போன்.

"அந்தத் தெருவுல ரெண்டு மாடிக்கு மேல கட்டிடமே இல்லடா. அங்க எங்க லிப்ட் இருக்கு?"

"ஏதாவது வேலையா இருக்கும்க்கா."

"வாரா வாரமா? கால்ல முள் குத்தினாக்கூட முதல்ல என்கிட்டதான் சொல்லுவாரு. இப்ப பொய் சொல்லிட்டுப் போறாரு. யாருன்னு பாத்துட்டு வா. நான் பெட்டியை எடுத்து வைக்கிறேன்."

அக்கா வாயால் சொன்னால் கையாலும் செய்வாள். எனக்கு மாமா மேல் கோபம் வந்தது. எங்களையெல்லாம் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, இவர் செய்கிற வேலையா இது?

என் கடையிலிருந்து அந்தத் தெரு பக்கம். போனபோது அவர் ஸ்கூட்டர் ஒரு படிக்கட்டின் கீழே நின்றது. மேலே ஏறினேன். கதவில் 'செவித்திறன் பரிசோதனை' என்று எழுதியிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமா, காதில் பெரிய ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். விரல் அசையவே இல்லை.

"நீங்க அவரோட ஆளா? நல்லதாப் போச்சு" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "நாலாவது வாரமா வர்றாரு. மெல்லிய கீச்சுச் சத்தத்தைக் கேக்குற சக்தி ரெண்டு காதுலயும் போயிடுச்சு. சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. உங்க மெஷின்தான் கெட்டுப்போச்சு, மறுபடி பாருங்கன்னு நிக்கிறாரு."

வெளியே வந்த மாமா என்னைப் பார்த்தார்.

"உங்கக்கா அனுப்பினாளா?"

"ஆமா."

"அவளுக்கு யாரு சொன்னது?"

"உங்க போன்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார்.

"ஒரு மாசமா எந்த மோட்டார்ல காது வச்சாலும் நல்லாத்தான் ஓடுது. அதுதான்டா எனக்குச் சந்தேகமா இருக்கு."

மைக் மேல் இருந்த டேப்பை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கூப்பிட்டு, அவரே எல்லாவற்றையும் சொன்னார்.

"காதுதானா?" என்று கேட்டுவிட்டு அக்கா அழுதாள். "இதை என்கிட்ட சொன்னா என்ன குறைஞ்சு போயிடும் உங்களுக்கு?"

அங்கிருந்து மாமா நேராக என்னைக் கூட்டிப் போனது ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்துக்கு. போன சனிக்கிழமை 'நன்று' என்று அவரே கையெழுத்துப் போட்ட லிப்ட். மொட்டை மாடி மோட்டார் அறையில் ஸ்க்ரூடிரைவரை பேரிங் மேல் ஊன்றி, பிடியை என் காதில் வைத்தார்.

"கண்ணை மூடு."

மூடினேன். இருபத்தாறு வருடம் அவர் காது இருந்த இடத்தில் என் காது. மனசு உறுத்தியது.

"மாமா, அன்னைக்கு அப்டேட்டை அழுத்தினது நான்தான்."

"தெரியும். முந்தின நாள் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு அவ்வளவு கவனமாப் படிச்சிக்கிட்டிருந்த. இப்ப கேக்குதா இல்லையா, அதைச் சொல்லு."

மோட்டாரின் உறுமலுக்கு அடியில், மெல்லிதாக, விட்டுவிட்டு ஒரு கீச்சொலி கேட்டது. கண்ணைத் திறந்து தலையை ஆட்டினேன். மாமா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லிப்டில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்தார். மறுபடி கேட்டுப் பார் என்று அவர் சொல்லவே இல்லை.