வண்டியில் தெரியாத குறை

அப்பாவுக்கு முழங்கால் வலி முற்றி கிளட்சை மிதிக்க முடியாமல் போனபோது, காரை விற்றுவிடலாம் என்று அவரேதான் சொன்னார். விற்றுக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சென்னையிலிருந்து இரண்டு வாரம் விடுப்பு போட்டுக் கச்சிராயபாளையத்துக்கு வந்தேன்.

எதையும் ஏனோதானோவென்று செய்யும் பழக்கம் எனக்குக் கிடையாது. அதே மாடல், அதே வருஷத்து வண்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்று போனில் தேடினேன். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். கண்ணாடிகளின் மூலையில் இருந்த எண்களைப் பார்த்து, ஒன்றுகூட மாற்றியதில்லை, எல்லாம் வண்டியோடு வந்தவை என்றார் அவர். கதவு ரப்பரைப் பிதுக்கித் துரு தேடினார். இன்ஜின் ஆயிலை விரலில் தேய்த்து மோந்தார்.

"பதினாலு வருசத்து வண்டின்னு சொன்னா நம்ப மாட்டாங்க. சிங்கிள் ஓனர் வேற. ரெண்டு லட்சத்து பத்தாயிரம் தைரியமா கேளுங்க" என்றார்.

நான் கேட்டேன். கெடுத்தது அப்பா. முதலில் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் கேட்காமலே, "கியர் கொஞ்சம் டைட்டா இருக்கும்ங்க" என்றார் அப்பா. கியர் நன்றாகத்தான் இருந்தது. அடுத்து வந்தவரிடம், "நான் அதிகமா சொல்லல, ஒண்ணு அம்பது குடுத்தா போதும்" என்று என்னைத் தாண்டிப் பேசினார். அந்த ஆளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு குறைக்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கழன்றுகொண்டார்.

"உங்க வண்டிக்கு நீங்களே எதிர்க்கட்சியா?" என்று கத்தினேன். அப்பா துணியை எடுத்துக்கொண்டு போய், ஏற்கனவே துடைத்த வண்டியை மறுபடியும் துடைத்தார். தினமும் துடைப்பார். அம்மா இறந்து இந்த ஒன்பது வருஷமாக அவருக்கு வேறு வேலையில்லை என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது வாரத்தில் வெள்ளிமலைப் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர்கள். அவள் இடுப்பில் கைக்குழந்தை. அவன் ஓட்டிப் பார்த்தான். டயருக்கு ஐந்தாயிரம், பேட்டரிக்கு ஐந்தாயிரம் என்று விடாமல் பேசி, இரண்டு லட்சத்துக்கு வந்தோம். முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அவள் பின் கதவைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, கேக்கறேன்னு தப்பா நெனக்காதீங்க. இந்த வண்டியில யாருக்காச்சும் உசுரு போயிருக்குதுங்களா? பச்சப் புள்ளய வெச்சிக்கினு போறோம், அதான்."

"சேச்சே, ஆக்சிடென்டே ஆகாத வண்டிம்மா" என்று நான் சிரித்தேன்.

"போயிருக்குது" என்றார் அப்பா. "என் சம்சாரம். அதே சீட்டுதான். இடது பக்கம்."

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, டாக்டர் பார்த்து, ஊசி போட்ட பிறகுதான் உயிர் போனது என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எந்த வார்டு என்றுகூட நான் கேட்டதில்லை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறப்ப கரும்பு டிராக்டருங்க முன்னாடி வரிசையா போய்க்கினு இருந்துச்சு. தாண்ட எடமில்ல. இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்னு பேசிக்கினே ஓட்டினேன். கள்ளக்குறிச்சியில கதவத் தொறந்தப்பதான் தெரிஞ்சிது. எந்த எடத்துல போனான்னு இன்னிக்கும் தெரியல. எவ்ளோ தூரம் நான் தனியா பேசிக்கினு வந்தேன்னும் தெரியல."

ஊருக்கு வரும்போதெல்லாம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு அந்தக் காரில்தான் என்னை அழைக்க வருவார். பஸ்ஸில் வந்த களைப்பில் பின் சீட்டின் இடது ஓரத்தில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவேன். வழியில் நாலைந்து தடவை "பாப்பா" என்று கூப்பிடுவார். "ம்" என்பேன். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி "பாப்பா". தூங்கவிடமாட்டீர்களா என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன். ஒருமுறை வேண்டுமென்றே பதில் சொல்லாமல் படுத்திருந்தேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி வந்து கதவைத் திறந்தார். எனக்கு அன்று சிரிப்பு வந்தது.

அந்தப் பெண்ணின் கணவன் தொண்டையைச் செருமினான். கெட்ட எண்ணம் இல்லை அவனுக்கு. டயரைப் பற்றிக் கேட்ட அதே குரலில்தான் கேட்டான்.

"அப்படின்னா அதுக்கு எவ்ளோ கம்மி பண்ணுவீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். அழக்கூட எனக்கு நேரம் இல்லை. இரண்டு வாரமாக எதற்கு எவ்வளவு என்று பேசிப் பேசிப் பழகிய வாய்.

"பத்தாயிரம்" என்றேன்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினாள். பணமும் சாவியும் கைமாறின. குழந்தையோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். பின் சீட்டில் பைகளை வைத்தார்கள்.

வண்டி தெரு திரும்பி மலைச் சாலைப் பக்கம் போன பிறகும் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். வந்தவர்களிடம் அவர் இல்லாத குறை சொன்னதும், அறுபதாயிரம் குறைத்துக் கேட்டதும் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குறையை நான் பத்தாயிரத்தில் முடித்துவிட்டிருந்தேன்.

"அப்பா, வாய்ல அப்படி வந்துடுச்சுப்பா" என்றேன்.

"விடும்மா" என்றார். "உங்கம்மா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டா."